ஆரோ ஒருத்தற்றை பேர் போட்ட பான்ஜோவோ, எனக்கெண்டு அளவெடுத்துச் செய்யிற பான்ஜோவோ?

கோண்டாவில்_கம்பி
வெள்ளி, இரவு 9.52

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா வாசிச்சுப்போட்டுப் பேசாமல் போற ஆள் நான், இண்டைக்குத்தான் எழுதுறன், பிழையிருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் கலியாண வீடு, சாமத்தியவீடு, கழக விழா எண்டு போற ஒரு இசைக்குழுவில பன்னிரண்டு வருசமா பான்ஜோ வாசிக்கிறன். அப்பா விட்டிட்டுப்போன நாலு கம்பி ரெனர் பான்ஜோ, பைலா அடிச்சு அடிச்சு கழுத்தில பதிச்ச மெட்டெல்லாம் தேஞ்சு பள்ளம் விழுந்திட்டுது. இப்ப அஞ்சு கம்பி ஒண்டு வேணும் எண்டு ஆசை. பைலாவுக்கில்லை. பேலா ஃபிளெக் எண்ட அமெரிக்கக்காரர் சாகிர் உசேன், எட்கர் மேயர், ராகேஷ் சௌராசியா ஆக்களோட வாசிச்ச 'பாஷ்தோ' எண்ட உருப்படி 2024 இல கிராமி எடுத்தது, அதை ஒரு சிநேகிதன் வட்ஸப்பில அனுப்பினவன், கேட்ட நாள்ல இருந்து நித்திரை இல்லை. தபேலாவும் புல்லாங்குழலும் போற இடத்தில பான்ஜோ போகுதெண்டா எங்கட மிருதங்கத்தோட ஏன் போகக்கூடாது எண்டு மண்டைக்குள்ள ஒரே இரைச்சல்.

கனடாவில பெரியப்பா இருக்கிறார், வேண்டித்தாறன் எண்டிட்டார். அவர் அனுப்பின பட்டியலைப் பாத்தா ஒவ்வொண்டிலயும் ஒரு வித்துவான்ர பேர், 'இன்னாரோட சேந்து வடிவமைச்சது' எண்டு. விலை ஒரு மோட்டச்சைக்கிள் காசு, சிலது ரெண்டு மோட்டச்சைக்கிள். அந்தப் பேரில உண்மையா ஏதும் இருக்கோ, இல்லாட்டி கிரிக்கெட் மட்டையில ஸ்ரிக்கர் ஒட்டுற மாதிரியோ? இன்னொரு பக்கம் இஞ்ச வீணை செய்யிற ஓடாவியார் ஒருத்தர், படம் தந்தா நான் செய்து தாறன் தம்பி எண்டு நிக்கிறார். பெரியப்பாவுக்கு மாதமுடிவுக்குள்ள பதில் சொல்ல வேணும்.

சும்மா_வந்தனான்
வெள்ளி, இரவு 10.15

பான்ஜோ எண்டா ரைப்றைற்றர் மாதிரிக் கட்டையை அமத்தி வாசிக்கிற சாமான் தானே? எங்கட சின்னம்மா வீட்டில ஒண்டு இருக்கு, ஒருத்தரும் தொடுறேல்லை. வந்து எடுத்துக்கொண்டு போங்கோ.

பைலா_ராசா
வெள்ளி, இரவு 10.21

ஐயோ மச்சான் அது புல்புல் தரங், இந்தியாவில அதையும் பாஞ்சோ எண்டுதான் சொல்லுவினம். யப்பான்காரன்ர தைஷோகோத்தோவில இருந்து வந்தது, 1912 இல நகோயாவில செய்ததாம். இவர் கேக்கிறது வட்டமா தோல் போட்டது.

கோண்டாவிலுக்கு என்ர கருத்து: பைலாவுக்கு ரெனரை விட்டா வேற கதையில்லை. 6/8 இல கை ஓடேக்க அஞ்சாவது கம்பி குறுக்க நிண்டு கத்தும், நீ பெருவிரலை எங்க வைக்கிறது? குருநகர்ப் பக்கம் எத்தினை பேர் நாலு கம்பியோட சீவிச்சிருக்கினம். பெரியப்பா காசு தாறார் எண்டா சவுண்ட் செற் ஒண்டு கேள், குழுவுக்கு உதவும். பகிடி இல்லை.

ஸ்காபரோ_கிழவன்
சனி, காலை 6.40

தம்பி கோண்டாவில், நான் இஞ்ச கனடாவில முப்பது வருசமா ஞாயிற்றுக்கிழமைகளில புளூகிறாஸ் எண்ட அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிக்கிற கூட்டமொண்டோட இருந்து வாசிக்கிறவன். வெள்ளையளுக்கு நடுவில ஒரு அளவெட்டியான். அதால உந்தப் பேர் விசயம் கொஞ்சம் தெரியும், வாசிக்கப் பொறுமை இருந்தா வாசியும்.

பேர் மட்டும் ஒட்டினதும் இருக்கு, பேருக்குப் பின்னால ஒரு மனுசன்ர கரைச்சல் இருக்கிறதும் இருக்கு. முதலாவதுக்கு உதாரணம் வேணுமெண்டா, பொஸ்ரன் வேகா கொம்பனி 1960களில ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பேரில ஒரு மொடல் விட்டது. ஸ்க்ரக்ஸ் ஆரெண்டா மூண்டு விரலால உருட்டி வாசிக்கிற பாணியை உலகத்துக்குக் காட்டினவர், 1945 கடைசியில புளூகிறாஸ்காரர் பில் மன்றோவின்ர குழுவில சேந்தவர். ஆனா அவரை நினைச்சா ஆருக்கும் கண்ணுக்குள்ள வாறது அவற்றை பழைய கிப்சன் கொம்பனிக் கிரனாடா பான்ஜோதான். கிப்சன் அவர் பேரில மொடல் விட்டது 1984 இல. அதாவது மனுசன் வாசிச்சு வாசிச்சுப் பேர்போன சாமானுக்கு அவற்றை பேர் வைக்க நாப்பது வருசம் போட்டுது!

ரெண்டாவது வகைக்கு பீற் சீகர். ஆள் மேடையில பாடுறவர், கூட்டத்தைப் பாடவைக்கிறவர். வழமையான பான்ஜோவின்ர சுருதி அவற்றை குரலுக்கும் சனத்தின்ர குரலுக்கும் ஒத்துவரேல்லை. என்ன செய்தார், கழுத்தை வெட்டி நீட்டி மேலதிகமா மூண்டு மெட்டுப் போட்டார். 22 க்குப் பதிலா 25. ஜீ (G) யில நிக்கிற சுருதி ஈ (E) க்கு இறங்கீற்றுது. பேந்து வேகா அதை அவற்றை பேரிலயே செய்து வித்தது, அறுபதுகளில நாட்டார் பாட்டுப் பாடின பொடியள் எல்லாற்றை தோளிலயும் அந்த நீட்டுக் கழுத்துத்தான். அதில இருக்கிறது பேர் இல்லைத் தம்பி, தொண்டை. ஒரு மனுசன்ர தொண்டைக்கு அளவெடுத்த வாத்தியம்.

ஜோன் ஹார்ட்ஃபோட் எண்டு ஒருத்தர், ஆத்துக் கப்பல் ஓட்ட லைசன்ஸ் எடுத்த பாட்டுக்காரர். அவருக்குத் தாழ்ந்த சுருதியில மெத்தெண்ட சத்தம் வேணும். டீரிங் கொம்பனி அவற்றை பேரில செய்த பான்ஜோவில ரோன் ரிங் உலோகமில்லை, கிரெனடிலோ எண்ட இறுகின மரம். பாரமும் குறைஞ்சுது, சத்தமும் உருண்டுது. அதே கொம்பனி ஜென்ஸ் குரூகர் எண்ட சுவிஸ்காரருக்குச் செய்யேக்க மற்றப் பக்கம் போனது, ரோன் ரிங்கை மணி வார்க்கிற வெண்கலத்தில வார்த்தது. ஒரே பட்டறை, ரெண்டு வித்துவான், ஒண்டுக்கொண்டு நேர் எதிர். ஆற்றை சரி எண்டு கேட்டா ரெண்டும் சரி.

நீர் பெரியப்பாவுக்குச் சொல்ல முன்னம் உமக்கு எங்க இடிக்குதெண்டு சொல்லும். பேர் பேந்து பாக்கலாம்.

கோண்டாவில்_கம்பி
சனி, காலை 8.05

ஐயா நன்றி, ரெண்டு தரம் வாசிச்சன். எனக்கு எங்க இடிக்குதெண்டு இன்னும் தெரியேல்லை, ஏனெண்டா அஞ்சு கம்பி கையில எடுத்தே பாக்கேல்லை. ரோன் ரிங் எண்டா என்னெண்டு கொஞ்சம் விளக்குவீங்களோ, அப்பாட பான்ஜோவைக் கழட்டிப் பாத்தன், உள்ளுக்க ஒரு மர வளையமும் மேல ஒரு மெல்லிய பித்தளைக் கம்பி வளையமும்தான்.

ஸ்காபரோ_கிழவன்
சனி, காலை 8.30

அந்தக் கம்பி வளையந்தான் ஏழையின்ர ரோன் ரிங். தோல் எதில முட்டி நிக்குதோ அது. மர வளையத்துக்கும் தோலுக்கும் நடுவில பாரமான உலோக வளையம் வைச்சா தோல்ர அதிர்வு மரத்துக்குள்ள கெதியாச் சாகாது, சத்தம் கூரா, நீண்டு வரும். நல்ல பழைய கிப்சனில அது கிட்டத்தட்ட 3 இறாத்தல். முழுப் பான்ஜோ 5 கிலோவுக்குக் கிட்ட வரும், இடுப்பு நோகும், இப்பவே சொல்லிப்போட்டன்.

வயலின்_ரீச்சர்
சனி, மாலை 4.10

நான் மருதனார்மடத்தில சங்கீதம் படிச்சு இப்ப பள்ளிக்கூடத்தில அதைப் படிப்பிக்கிறன். தம்பி ஒண்டு கேக்கிறன், நீர் அதில என்ன வாசிக்கப் போறீர்? 'மிருதங்கத்தோட போகும்' எண்டது பதிலில்லை. தாளத்தோட தகரமும் போகும்.

மோகனம், கல்யாணி எண்டா வழமையான ஜீ சுருதியில ஓரளவு ஒப்பேற்றலாம். கம்பி ஒழுங்கைப் பாத்தன்: குட்டைக் கம்பி மேல் சட்ஜம், பேந்து கீழ்ப் பஞ்சமம், சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம். தோடி வாசிக்க வெளிக்கிட்டா அந்த அந்தர காந்தாரக் கம்பி தொடாமலே கூட அதிர்ந்து உம்மைக் காட்டிக்குடுக்கும். அதை அரைச்சுரம் ஏத்தி மத்திமமாக்கினாத் தப்பலாம். அமெரிக்க மலைநாட்டுப் பழைய ஆக்களும் அப்பிடி ஒரு சுருதி வைச்சிருக்கினம் எண்டு தேடிப் பாத்து அறிஞ்சன், எனக்கே ஆச்சரியம். குட்டைக் கம்பி எண்டது எங்கட வீணையின்ர தாளத்தந்திதான், சும்மா நிண்டு ஆதார சுருதி சொல்லும். அது வரம்.

ஆனா பெரிய கரைச்சல் கமகம், சுரத்தை அசைச்சு வாசிக்கிறது. பான்ஜோவில ஒரு சுரம் தட்டினா உடன செத்துப்போகுது. காம்போதியில ஒரு நிஷாதத்தைத் தொட்டு அசைச்சு இறக்கிறதுக்கு முன்னம் சத்தம் முடிஞ்சிடும், கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். பாக்கிறவை உமக்கு வலிப்பு எண்டு நினைப்பினம்.

பைலா_ராசா
சனி, மாலை 4.18

ரீச்சர் 😂😂 நான் முதலே சொன்னனான் சவுண்ட் செற் எண்டு

வயலின்_ரீச்சர்
சனி, மாலை 4.45

சிரிக்க வேண்டாம், வழி இல்லையெண்டு நான் சொல்லேல்லை. மண்டொலின் ஸ்ரீநிவாசுக்கும் இதே கரைச்சல்தான் இருந்தது. மண்டொலினும் டக்கெண்டு செத்துப்போற வாத்தியம், எட்டுக் கம்பி சோடி சோடியா இருக்கும், இழுத்து அசைக்க ஏலாது. அவர் என்ன செய்தார்? சோடியைக் கழட்டி ஒத்தைக் கம்பி அஞ்சாக்கி, மின்சார மண்டொலின் எடுத்தார். ஒத்தையானபடியா இழுக்கலாம், அஞ்சானபடியா கீழ் ஸ்தாயி கிடைச்சுது, மின்சாரம் ஆனபடியா சத்தம் நிண்டுது. கத்ரி கோபால்நாத்தும் சாக்சபோனைக் கையைக் காலை மாத்தித்தான் வழிக்குக் கொண்டுவந்தவர். அந்த ஐயா சொன்ன சீகர் கதையும் இதுவும் ஒண்டுதான். கடைக்காரன் அவைக்கு வடிவமைச்சுக் குடுக்கேல்லை, அவை வாசிச்சு முட்டின இடத்தில வடிவம் மாறிச்சுது.

நல்லூரான்_வீதி
சனி, இரவு 8.00

சங்கீதத்துக்கு வீணை இருக்கு, வயலின் இருக்கு, தவில் நாதஸ்வரம் இருக்கு. வெள்ளைக்காரன்ர கூத்துச் சாமானை ஏன் கொண்டுவந்து திணிக்கிறியள்? கொஞ்சம் யோசியுங்கோ.

ஸ்காபரோ_கிழவன்
சனி, இரவு 8.25

வெள்ளைக்காரன்ர சாமான் எண்டு ஆர் சொன்னது. அது மேற்கு ஆபிரிக்காவில இருந்து பிடிச்சுக் கொண்டுவரப்பட்ட அடிமைச் சனம் கரிபியனிலயும் அமெரிக்காவிலயும் சுரைக்குடுவையில தோல் கட்டிச் செய்த வாத்தியம். செனகாம்பியாப் பக்கம் ஜோலா சனம் இப்பவும் அக்கொன்ரிங் எண்டு ஒண்டு வாசிக்குது, அதிலயும் ஒரு குட்டைக் கம்பி இருக்கு. ஸ்வீனி எண்ட வெள்ளையர் அஞ்சாம் கம்பியைக் கண்டுபிடிச்சார் எண்டு கனகாலம் கதை விட்டவை, அது பொய், அவர் பிறக்க முன்னமே 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில கீறின படத்தில அடிமையாள் ஒருத்தர் குட்டைக் கம்பி வைச்ச பான்ஜோவோட இருக்கிறார். ரியானன் கிடன்ஸ் எண்ட கறுப்பினப் பிள்ளை 1858ஆம் ஆண்டுப் பான்ஜோ ஒண்டைப் பாத்துச் செய்த, மெட்டு இல்லாத பான்ஜோவைத்தான் மேடை மேடையாக் கொண்டு திரிஞ்சு இந்தக் கதையைச் சொல்லுது.

வயலின்_ரீச்சர்
சனி, இரவு 8.31

வயலினும் எங்கட இல்லை. பாலுசுவாமி தீட்சிதர் எடுத்துக் கையாளாட்டி இண்டைக்கு நான் வேற வேலை பாத்திருப்பன். நல்லூரான் வீதி ஐயா, உங்கட பட்டியலில வயலினை நீங்களே சேத்திருக்கிறியள், அதைக் கவனிக்கேல்லைப் போல.

ஐயா ஸ்காபரோ, மெட்டு இல்லாத எண்டு சொன்னீங்கள், அதைக் கொஞ்சம் விரிவாச் சொல்லுங்கோ. மெட்டு இல்லாட்டி கமகம் தானா வருமே?

ஸ்காபரோ_கிழவன்
ஞாயிறு, காலை 7.15

வரும் ரீச்சர், ஆனா அங்கதான் முடிச்சு. மெட்டு இருந்தா கம்பி உலோகத்தில முட்டி நிக்கும், அதால சத்தம் நீளும். மெட்டு இல்லாட்டி விரல்ச் சதையில முட்டும், சதை சத்தத்தைக் குடிச்சிடும். கிடன்சின்ர பான்ஜோவில உலோகக் கம்பியில்லை, குடல் நரம்புச் சாதி. சத்தம் நல்ல பழம்புளி மாதிரி இருக்கும், ஆனா நிக்காது. ஆக கமகத்துக்கு மெட்டை எடுத்தா நீட்டு போகுது, நீட்டுக்கு மெட்டை வைச்சா கமகம் போகுது. ஸ்காபரோவில இருந்துகொண்டு என்னால தீர்க்க ஏலாது, ஆராவது வேலை தெரிஞ்ச ஆள் கதைக்க வேணும்.

ஒண்டு மட்டும் சேத்துச் சொல்லுறன். கோல்ட் ரோன் எண்டு புளோரிடாவில ஒரு கொம்பனி, 1993 இல தொடங்கினது. பேலா ஃபிளெக்கோட சேந்து மிஸ்ஸிங் லிங்க் எண்டொரு பரிற்றோன், அதாவது தாழ்ந்த சுருதிப் பான்ஜோ செய்திருக்கினம், சீ (C) சுருதி. வழமையான பான்ஜோவுக்கும் இன்னும் தாழ்ந்த செலோ பான்ஜோவுக்கும் நடுவில ஒரு வெளி கிடந்தது, அதை நிரப்பின சாமான். செலோ பான்ஜோவையும் மார்சி மார்க்சர் எண்ட அம்மாவோட சேந்து அவைதான் திருப்பி எழுப்பினவை, நூறு வருசத்துக்கு முன்னம் இருந்து காணாமப்போன வாத்தியம். தம்பிக்குப் பரிற்றோன் சரிவருமோ எண்டு ஒரு யோசினை, தடிச்ச கம்பி கூடநேரம் நிக்கும்.

ஓடாவி_மகன்
ஞாயிறு, பகல் 1.20

கனநேரமா வாசிச்சுக்கொண்டிருக்கிறன், இனிப் பொறுக்க ஏலாது. அப்பாவும் அப்பப்பாவும் மரவேலை, நான் படிச்சது பொறியியல், இப்ப பின்னேரத்தில பட்டறைதான்.

கோண்டாவில் தம்பி, உங்கட ஓடாவியார் வீணை செய்வார் எண்டதால பான்ஜோ செய்வார் எண்டில்லை. வீணைக் குடம் பலாவைக் குடைஞ்சு எடுக்கிறது, ஒரே துண்டு. பான்ஜோ வளையத்தைக் குடைஞ்சு எடுத்தா நார் குறுக்க ஓடுற ரெண்டு இடத்தில வெடிக்கும். எனக்கு நடந்தது. நாலு வருசத்துக்கு முன்னம் ஒரு தேவாலயப் பாடகர்குழுவுக்கு ரெனர் ஒண்டு செய்து குடுத்தனான், சரியாக் காயாத பலா, அவசரம், ஈஸ்ரருக்கு வேணும் எண்டவை. சோளகம் தொடங்கி மூண்டாம் கிழமை வளையம் முட்டை வடிவமாப் போட்டுது, தோலை இழுத்துப் பிடிக்கிற கொக்கியளை முறுக்க முறுக்க ஒரு பக்கம் மட்டும் இறுகி கடைசியில தோல் பட்டெண்டு கிழிஞ்சுது, பூசை நடுவில. அண்டையில இருந்து அந்தப் பக்கத்தால சைக்கிள் விடுறேல்லை.

அமெரிக்காவில மேப்பிளை மூண்டு பட்டையா வளைச்சு ஒட்டுறாங்கள். எங்களுக்கு ஆவி வைச்சு வளைக்க மேப்பிள் இல்லை, ஆனா இன்னொரு முறை இருக்கு, செங்கல் அடுக்கிற மாதிரி. பன்னிரண்டு துண்டு வெட்டி வட்டமா ஒட்டி, மேல ஒரு வரி மூட்டு மாத்தி ஒட்டி, பேந்து லேத்தில கடையிறது. கிணத்துக்கட்டு மாதிரியே. முதிரையில செய்தா இரும்பு மாதிரி நிக்கும், வன்னி முதிரை பழைய வீட்டுக் கூரை வளையில இருந்து எடுத்தா அறுபது வருசம் காஞ்சது கிடைக்கும், புதுசா வெட்டத் தேவையில்லை. கழுத்துக்கும் பழைய மரந்தான். விரற்பலகைக்குக் கருங்காலி வடிவு, ஆனா அதுக்குப் பேர்மிட் அது இது எண்டு அலைய வேணும், பழைய அலுமாரிக் கால் கிடைச்சாப் பாப்பம்.

மெட்டுக் கணக்கு ஒண்டும் மந்திரமில்லை. கம்பி நீளம் 26¼ அங்குலம் எண்டா அதை 17.817 ஆல பிரி, முதல் மெட்டு கிட்டத்தட்ட 1.47 அங்குலத்தில. மிச்ச நீளத்தைத் திருப்பிப் பிரி. வீணையில மெழுகில இருத்தி காதால நகர்த்தலாம், இதில அடிச்சா அடிச்சதுதான்.

இப்ப ரீச்சற்றை முடிச்சு. மெட்டை எடுக்க வேண்டாம். மெட்டுகளுக்கு நடுவில பலகையைக் குழியா அரத்தால ராவி எடுப்பம், வீணையில மெட்டுக்குக் கீழ வெறும் இடம் இருக்கெல்லோ அது மாதிரி. விரல் பலகையில முட்டாது, கம்பியைக் கீழ அமத்தியும் இழுக்கலாம் பக்கவாட்டிலயும் இழுக்கலாம். கழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கினா இழுக்க இடம். கமகம் வரும், மெட்டும் நிக்கும்.

வயலின்_ரீச்சர்
ஞாயிறு, பகல் 1.41

இதுதான் நான் கேட்டது. கும்பிட்டன்.

கோண்டாவில்_கம்பி
ஞாயிறு, பகல் 2.30

அண்ணை உங்கட பட்டறை எங்க எண்டு தனி மெசேஜில போடுங்கோ, நான் இப்பவே வாறன். சத்தம் நிக்கிறதுக்கு பாரமான ரோன் ரிங் வேணும் எண்டு ஐயா சொன்னவர், அதை எங்கால எடுக்கிறது?

இணுவில்_தோல்
ஞாயிறு, மாலை 6.55

கோயில் மணி வார்க்கிற ஆக்கள் இருக்கேக்க என்ன யோசினை. நாலு பங்கு செம்பு ஒரு பங்கு வெள்ளீயம், அதுதானே மணி. அந்த சுவிஸ்காரருக்குச் செய்ததும் உதுதானே. எங்கட ஆக்கள் ஆயிரம் மணி வார்த்திருக்கினம், ஒரு வளையம் வார்க்க மாட்டினமோ.

நான் தவில் மிருதங்கம் மூட்டுற ஆள், தோலைப் பற்றி ரெண்டு வசனம். ஆட்டுத்தோல் போட வேண்டாம், நான் சொல்லுறன். மாரியில வாடைக்காத்து ஈரத்துக்கு இறங்கும், சித்திரை வெயிலுக்கு ஏறும், மிருதங்கம் எண்டா கல்லால தட்டிச் சரிபண்ணுவம், இதில 24 கொக்கியையும் ஒண்டொண்டா முறுக்க வேணும், நீ மேடையில நிண்டு முறுக்குவியோ வாசிப்பியோ? பிளாஸ்ரிக் தோல் போடு. ரெமோ கொம்பனியின்ர சரியா இருக்கும். தோல் வேலை செய்யிற நானே சொல்லுறன் பார்.

ஓடாவி_மகன்
ஞாயிறு, மாலை 7.20

வார்க்கலாம், ஆனா கவனம். மணி வெண்கலம் இறுகல், லேத்தில கடையேக்க தெறிக்கும், பொறுமையில்லாட்டி கீறல் விழுந்து வளையம் குப்பை. பித்தளை எண்டா வெண்ணெய் மாதிரிக் கடையலாம், சத்தம் அவ்வளவு நீளாது. தம்பிக்கு நீட்டு வேணும் எண்டபடியா வெண்கலந்தான், ஆனா ரெண்டு வளையம் வார்க்கச் சொல்லும், ஒண்டு உடையும் எண்டு நினைச்சு.

பைலா_ராசா
ஞாயிறு, இரவு 9.05

ரெண்டும் உடைஞ்சா கோயிலுக்கு மணியாக் குடுத்திடலாம். சரி சரி, நான் எதிர்ப்பு இல்லை. ஆனா கோண்டாவில், ஒண்டு கேள். இவ்வளவு பேரும் பெரிய பெரிய கணக்குச் சொல்லினம், நீ அஞ்சு கம்பியைத் தொட்டதே இல்லை. சீகர் கழுத்தை நீட்டினவர் எண்டா பத்து வருசம் வாசிச்சுப்போட்டு நீட்டினவர். நீ வாசிக்க முன்னமே நீட்டுறாய். என்ர மச்சாள் கலியாணத்துக்கு முன்னமே பிள்ளைக்குப் பேர் வைச்சவ, அது மாதிரி இருக்கு.

ஸ்காபரோ_கிழவன்
ஞாயிறு, இரவு 9.40

பைலா ராசா இவ்வளவு நேரமும் பகிடி விட்டாலும் இந்த இழையில ஆகத் தேவையான கதையை அவர்தான் சொல்லிப்போட்டார். தம்பி, திருவிழாவுக்கு என்ர மருமகன் நல்லூருக்கு வாறான், ஒரு பழகுற பான்ஜோ குடுத்து விடுறன், ரிசோனேற்றர் எண்ட பின்மூடி இல்லாதது, லேசானது. மூண்டு மாதம் வைச்சு வாசியும். பெரியப்பாவிட்ட பொறுக்கச் சொல்லும்.

கோண்டாவில்_கம்பி
மூண்டரை மாதத்துக்குப் பிறகு, புதன், இரவு 11.10

இழையைத் திருப்பி எழுப்புறதுக்கு மன்னிக்கோணும். ஐயாவின்ர பான்ஜோ பத்திரமா வந்தது, ஒவ்வொரு நாளும் வேலையால வந்து ரெண்டு மணித்தியாலம், மனிசி பக்கத்து வீட்டில போய் இருக்கத் தொடங்கீட்டா.

நான் நினைச்சதில பாதி பிழை. எனக்கு எங்க இடிக்கும் எண்டு நீங்கள் எல்லாரும் சொன்ன இடத்தில முழுக்க இடிக்கேல்லை. சத்தம் சாகுது, உண்மை, ரீச்சர் சொன்ன மாதிரிக் காம்போதி நிஷாதம் நாறிப்போகுது. ஆனா கெதியா வாசிக்கேக்க, பெருவிரல் குட்டைக் கம்பியில சட்ஜத்தைப் போட்டுக்கொண்டே இருந்தா அந்தச் சாவு ஒரு குறையாத் தெரியேல்லை, தவில்ச் சொல் மாதிரித் துண்டு துண்டா வருது, அது எனக்குப் பிடிச்சிட்டுது. கதனகுதூகலம் மாதிரி ராகங்கள் ஏதோ இதுக்கெண்டே செய்த மாதிரி ஓடுது. ரீச்சர் வீட்டை போய் வாசிச்சுக் காட்டினன், கண்ணை மூடிக் கேட்டிட்டு 'தோடியை இப்ப விடும், அது உம்மட்ட வராமல் போகாது' எண்டவ. பாராட்டோ பேச்சோ தெரியேல்லை.

எதிர்பாராத கரைச்சல் வேற. ஒண்டு, பன்னிரண்டு வருசம் நிண்டு வாசிச்ச ஆள் நான், கழுத்துப் பக்கம் பாரம் கூடி சரிஞ்சுகொண்டே போகுது, இடக்கை பிடிக்கிறதுக்கு நிக்குது, வாசிக்கிறதுக்கில்லை. ரெண்டு, எங்கட குழுவில பாடுற அக்காவுக்கு சுருதி அஞ்சரைக் கட்டை, அதாவது ஜீக்கு ஒரு அரைச்சுரம் மேல, ஜீ ஷார்ப். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி ஏத்தக் கழுத்தில கப்போ எண்ட கவ்வி போட்டா குட்டைக் கம்பியைத் தனியா ஏத்த வேணும், அது அறுந்து அறுந்து விழுது. மூண்டு, ஐயாவின்ர பரிற்றோன் யோசினையை மருமகன் போன்ல இருந்த ஒரு பதிவில கேட்டன், அழகு, ஆனா கலியாண வீட்டுச் சத்தத்தில பேஸ் கிற்றாருக்குள்ள மூழ்கீடும்.

ஆகவே ஓடாவி அண்ணையோட இருந்து முடிவெடுத்தது இது. கம்பி நீளத்தை 25¼ க்குக் குறைக்கிறம், அக்காவின்ர சுருதிக்கு ஏத்தினாலும் கம்பி அறாது. குழி பறிக்கிறது அஞ்சாம் மெட்டில இருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை மட்டும், நான் கமகம் பிடிக்கிறது அந்த இடத்திலதான், கீழ கோர்ட் (கன கம்பியைச் சேத்து அமத்திறது) பிடிக்கேக்க குழி இருந்தா சுருதி விலகுது. வளையம் பழைய முதிரை, ஒரு இடிச்ச வீட்டு வளை, ரெண்டு வரி. ரோன் ரிங் முதலாவது வார்ப்பு லேத்தில வெடிச்சது, அண்ணை சொன்னபடியே, ரெண்டாவது நிக்குது. தட்டினா பிள்ளையார் கோயில் மாதிரி ஊளையிட்டுக்கொண்டு கிடக்குது, பட்டறையில ஒருத்தரும் அதைக் கீழ வைக்க விடுறாங்களில்லை, வாறவன் போறவன் எல்லாம் தட்டிப் பாக்கிறான். இப்ப 3½ இறாத்தல், இன்னும் கடையோணும். பாரம் குடப் பக்கம் இருந்தா கழுத்துச் சரியாது எண்டு அண்ணை சொல்லுறார், அதால முழுக்கக் கடையவும் பயம்.

ஓடாவி_மகன்
புதன், இரவு 11.32

மூண்டேகாலில நிப்பாட்டுவம். சனிக்கிழமை வா, லேத்துக்காரர் காலமைதான் நிப்பார்.

வயலின்_ரீச்சர்
வியாழன், காலை 5.50

பேச்சுத்தான் தம்பி.

பைலா_ராசா
வியாழன், காலை 7.12

தலைப்பக்கம் ஆற்றை பேர் போடப்போறாய்? 'கோண்டாவில் அக்கா அஞ்சரைக் கட்டை மொடல்' எண்டு போடு, ஸ்காபரோ ஐயா ரெண்டு வேண்டுவார்.

கோண்டாவில்_கம்பி
வியாழன், காலை 7.40

பேரும் இல்லை ஒண்டும் இல்லை மச்சான், அக்கா கேட்டா என்னைக் குழுவால கலைச்சிடுவா.

ஐயா, பெரியப்பா காசைச் சாமானாத் தாறன் எண்டிட்டார், உங்களோட கதைக்கச் சொல்லி நம்பர் குடுத்திருக்கிறன். இஞ்ச கிடைக்காதது மூண்டுதான்: கம்பி முறுக்கிற, பற்சக்கரம் வைச்ச பிருடை நாலும், குட்டைக் கம்பிக்கு அதே சாதியில ஒண்டும், தோலும். தோல் 11 அங்குலம், மீடியம் கிரௌன், அதாவது விளிம்புக்கு மேல நடு உயரம். ஹை கிரௌன் தந்தா வேண்டாதையுங்கோ, கம்பி தாங்கிற குதிரையின்ர உயரம் எல்லாம் அண்ணை அளந்து வைச்சிட்டார்.